ஆறாவது கார்டு

இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. கற்பனையாக இருந்தால் என்னை இன்னும் கொஞ்சம் நல்லவளாக எழுதியிருப்பேன்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எனக்குத் திக்குவாய். ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னார்கள். நான் ஒரு வரியைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

வீட்டில் இருந்தவளுக்கு ரேடியோதான் துணை. இன்று ஆளாளுக்குக் காதில் மாட்டிக்கொண்டு தனித்தனியாகக் கேட்கிறார்கள். அன்று ஒரே பாட்டைத் தெருவே கேட்கும். குழாயடியில் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையான ஒற்றை அறை வீடுகளில் கடைசி வீடுவரை நடந்தால், ஜன்னல் ஜன்னலாகப் பாட்டும் கூடவே வரும். ஒரு சொல் விட்டுப்போகாது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நேயர் விருப்பம். அரை மணி நேரம், எல்லாம் புதுப் பாட்டு. அறிவிப்பாளரின் குரல் அப்படி இனிக்கும். தெருப் பெண்கள் அவருக்கு வைத்த பேர் வெல்லக்கட்டி. பாட்டு மூன்று நிமிடம் என்றால், கேட்டவர்களின் பேர் நான்கு நிமிடம் வாசிப்பார். அதற்காகத்தான் காத்திருப்போம். தன் பேர் வெல்லக்கட்டி வாயில் வந்துவிட்டால், அந்த வாரம் முழுக்க அவளைக் கையில் பிடிக்க முடியாது.

என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பாட்டுக் கேட்டு ரேடியோ நிலையத்துக்குத் தெருவில் எல்லோரும் அனுப்பும் தபால் கார்டை நான்தான் எழுதுவேன். தபால்பெட்டியில் போடுவதும் நான்தான். எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரே தெருவிலிருந்து ஐந்து கார்டுக்கு மேல் போனால், யாரோ விளையாடுகிறார்கள் என்று வெல்லக்கட்டி மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிடுவாராம். யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. ஆனால் வாரத்துக்கு எத்தனை கார்டு சேர்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறு சேரும்.

ஆறாவதை என் நோட்டுக்குள் வைத்து மூடிவிடுவேன். அது எப்போதும் ஒரே ஆளுடைய கார்டு.

பக்கத்து அறை அக்கா. சோப்புக் கம்பெனியில் கட்டிகளுக்குத் தாள் சுற்றும் வேலை. எந்நேரமும் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே இருப்பாள், அதனால் சில்வண்டு. அவளுடைய நிஜப் பேரின் முதல் எழுத்து என் வாயில் வரவே வராது. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

ஒருநாள் குழாயடியில் அவள் என்னைப் போலப் பேசிக் காட்டினாள். "த... த... தண்ணி வ... வருதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே அவள் அதை மறந்துவிட்டாள். "என் கார்டையும் எழுதிக் குடுடி தங்கம்" என்று வந்து நின்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

அதுதான் முதல் ஆறாவது கார்டு.

முப்பத்தேழு வாரம் இப்படியே போனது.

மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சுச் சளி வந்தது. அப்புறம் சளியோடு இரத்தம் வந்தது. வேலை நின்றது. படுக்கையில் தலைமாட்டில் ரேடியோவை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

"இந்த வாரமும் வரலடி. என் பேரு அந்த வெல்லக்கட்டிக்குக் கசக்குது போல."

"வ... வரும்க்கா."

"கொஞ்சம் கோணலா எழுதிப் பாரேன். இவ்வளவு அழகா எழுதுனா கலெக்டர் கார்டுன்னு பயந்துடுவாரு."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. அவள் அம்மா என்னை வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"மூணு நாளா ஒரு வாய் இறங்கலம்மா. பேரு வந்ததும் சாப்பிடுறேங்கிறா. பச்சப்புள்ள மாதிரி. இந்த ஒரு தடவை மட்டும் எப்படியாவது..."

"ச... சரி பெரியம்மா."

முப்பத்தெட்டாவது கார்டை எழுதினேன். தபால்பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன். மற்ற ஐந்தையும் போட்டேன். அவளுடையது கையில் இருந்தது. இன்னும் ஒரு கார்டு போனால் வானம் இடிந்து விழப்போவதில்லை என்று தெரியும்.

கை நீளவில்லை. அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பஸ்ஸில் இரவு வேலை. அம்மா பகல் முழுக்கச் சலவைக்கூடத்தில் நின்ற அலுப்பில் ஏழரைக்கே தூங்கிவிட்டாள். வெளியே மழை. எட்டு மணிக்கு நிகழ்ச்சி இசை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் வந்தது. எப்போதும் இரண்டும் ஒரே குரலாகக் கேட்கும்.

அன்று கேட்கவில்லை.

சுவர்ப்பக்கக் குரல் கொஞ்சம் முந்திக்கொண்டு போனது. வெல்லக்கட்டி அங்கே வணக்கம் சொல்லி முடித்த பிறகு இங்கே வணக்கம் சொன்னார். ஒரே நிலையம். ஒரே நேரம். எப்படி முந்தும்?

8.04. என் ரேடியோவில் முதல் பாட்டு தொடங்கியது. சுவருக்கு அப்பால் பாட்டு இல்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

8.06. என் ரேடியோவை நிறுத்தினேன். சுவரில் காதை வைத்தேன்.

"...சோப்புச் சுற்றும் கைக்குப் பாட்டு இருந்தால் வலி தெரியாது அண்ணா..."

அது அவள் சொல்லி நான் எழுதிய வரி. முதல் கார்டில். நான் போடாத கார்டில்.

"கேட்பவர்..." என்றார் வெல்லக்கட்டி.

அவளுடைய பேரின் முதல் எழுத்து வந்தது. மறுபடியும் அதே எழுத்து. மறுபடியும் அதே எழுத்து... அதற்கு மேல் வரவில்லை. தாள் புரளும் சத்தம்.

சர்ர்...

இரண்டாவது கார்டு. தேதியோடு வாசித்தார். "கேட்பவர்..." அதே எழுத்து. அங்கேயே முட்டி முட்டி நின்றது.

சர்ர்... மூன்றாவது.

மழையில் அலைவரிசை இழுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்தேன். கார்டுகள் எல்லாம் உள்ளேதான் இருந்தன. எண்ணி அடுக்கியது போல.

8.13. ஏழாவது கார்டைப் பார்த்தேன். குரல் ஏழாவதை வாசித்தது.

எட்டாவதைப் பார்த்தேன். எட்டாவதை வாசித்தது.

வேண்டுமென்றே பாதி வரியில் பார்வையை நிறுத்தினேன்.

குரலும் பாதி வரியில் நின்றது.

காத்திருந்தது...

அப்போதுதான் கவனித்தேன். அந்தக் குரலில் இனிப்பு இல்லை. ஆண் குரலும் இல்லை.

என் தொண்டை வலித்தது.

என் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன். சுவருக்கு அப்பால் நிசப்தம். மழைச் சத்தம் மட்டும்.

8.17.

டொக்.

சுவரில் ஒரே ஒரு தட்டு. விரல் முட்டியால்.

கையை எடுத்தேன். ஒன்பதாவது கார்டு.

டொக். பத்து.

டொக்.

அம்மா புரளக்கூட இல்லை.

முப்பத்தெட்டாவது கார்டில், "கேட்பவர்" என்றது சுவர். நான் முயன்றேன். சத்தியமாக முயன்றேன். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த ஒரு எழுத்து...

8.30.

எல்லாம் நின்றது.

விடிந்ததும் வாசலுக்கு வந்தேன். பக்கத்து அறையில் பூட்டு தொங்கியது. ஒன்பது மணிக்கு அவள் அம்மா மட்டும் வந்தாள். கையில் ரேடியோ. நேற்று நாலு மணிக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். நான் அப்போது கடைக்குப் போயிருந்தேன். மழையில் ஓடி வந்தபோது பூட்டைக் கவனிக்கவில்லை. ராத்திரி எட்டரைக்கு உயிர் போய்விட்டதாம்.

"ரேடியோவ காதுலயே வச்சிருந்தாம்மா. நேத்து அந்த ஆளு வரல. யாரோ ஒரு பொண்ணு படிச்சா. திக்கித் திக்கி. வார்டே விழுந்து விழுந்து சிரிச்சுது. இவ மட்டும் சிரிக்கல. இப்ப வரும், இப்ப வரும்னு என் கையப் புடிச்சுக்கிட்டே இருந்தா. பேரு மட்டும் வரவே இல்ல."

அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"குரல எங்கயோ கேட்ட மாதிரியே இருந்துச்சும்மா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வெளியூர் உறவுக்காரர்களுக்குச் சாவுச் செய்தி எழுதச் சொன்னாள். உன் கையெழுத்துதான் தெளிவாக இருக்கும் என்றாள். பன்னிரண்டு கார்டு எழுதினேன். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தபால்பெட்டியில் போட்டேன். உள்ளே விழும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அடுத்ததைப் போட்டேன்.

ஒருவரும் வரவில்லை. பெரியம்மா வாசலில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவுதானா என் பொண்ணு?" என்று ஒருநாள் கேட்டாள்.

நாலு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், பெரியவர் ஒருவர் வந்தார். பெரியம்மாவின் அண்ணன். கையில் பழப் பை. பெரியம்மா வேலைக்குப் போயிருந்தாள். என்னிடம்தான் கேட்டார்.

"எங்கேம்மா அந்தச் சில்வண்டு? வீடு பூட்டிக் கிடக்கு?"



"க... கார்டு கிடைக்கலையா மாமா?"

"கிடைக்காம என்ன? வாரா வாரம்தான் வருதே. முன்னெல்லாம் ஒரு வரி எழுத மாட்டா கழுதை. இப்ப நாலு மாசமா விடாம எழுதுறா. சரி, ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போவோம்னு வந்தேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். போன திங்கட்கிழமை முத்திரை. அச்சடித்த மாதிரி எழுத்து.

என் எழுத்து.

"அன்புள்ள மாமாவுக்கு, நான் நலம். என் பேர் இன்னும் வரவில்லை. கார்டு எழுதும் பெண் அடுத்த வாரம் கட்டாயம் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்."