தெற்கே சூலம், வடமேற்கே காற்று

எனக்கு நீச்சல் தெரியாது. முப்பத்தோரு ஆண்டுகள் நீரியல் பொறியாளராக வேலை பார்த்தவன் நான். அணைகளிலும் மதகுகளிலும் தண்ணீர் என்ன வேகத்தில் போகும் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கினேனே தவிர, அந்தத் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. இப்படிப்பட்டவனுடைய ஒரே மகள், கணவனோடு சேர்ந்து ஒரு பாய்மரப் படகை வாங்கி, வான்கூவரிலிருந்து மெக்சிகோ வரை பசிபிக் கரையோரமாகத் தெற்கே போகப்போவதாகச் சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வி, "படகு எத்தனை அடி?"

"முப்பது அடிப்பா."

எழுந்து போய், கியூபெக்கின் பியர்பொன்ட்ஸ் புறநகரில் இருந்த எங்கள் வீட்டின் கூடத்தை டேப் வைத்து அளந்தேன். இருபத்திரண்டு. சமையலறையையும் சேர்த்தால் முப்பது வந்தது. மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப இந்த வீட்டையே தள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. வாடகை மிச்சம்" என்றாள் அவள். நாற்பது ஆண்டு குடித்தனத்தில் என் கவலைகளுக்கு அவள் கொடுக்கும் மரியாதை இவ்வளவுதான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கைப்பேசி எங்களைப் போன்றவர்களின் கைக்கு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கி, கட்டணத் தொலைபேசியிலிருந்து பேசுகிறேன் என்று மகள் சொன்னாள். ஒரு துறைமுகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெறும் மௌனம். அந்த மௌனத்தில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. எனவே அவர்களுடைய வானிலை அதிகாரியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். அவர்கள் இருவரும் அப்படியொரு பதவியை அறிவித்ததாக நினைவில்லை.

முதலில் தொலைக்காட்சியை நம்பினேன். அதில் பசிபிக் பெருங்கடல் கட்டைவிரல் அளவுக்கு நீலமாகத் தெரியும். வானிலை சொல்லும் பெண் எப்போதும் ஓரிகனை மறைத்துக்கொண்டுதான் நிற்பாள். "கொஞ்சம் தள்ளும்மா" என்று நான் பலமுறை சொல்லியும் அவள் தள்ளவில்லை. பிறகு ஒரு சிற்றலை வானொலி வாங்கினேன். கலிபோர்னியாவிலுள்ள ஒரு நிலையம் கடலில் போகிறவர்களுக்காகத் தினமும் காற்று, அலை விவரங்களை வாசிக்கிறது என்று நூலகத்தில் படித்திருந்தேன். அதைப் பிடிப்பதற்காக நிலவறையிலிருந்து கொல்லைப்புறத் துணிக்கொடி வரை செம்புக் கம்பி இழுத்துக் கட்டினேன். இரண்டு வாரம் முயன்றதில் கிடைத்தவை ஒரு பிரசங்கியாரின் அழுகையும், மனைவியின் இரண்டு புடவைகளில் பச்சைக் கறையும்.

என்னைக் காப்பாற்றியவர் நகரின் மறுபக்கம் வில்லரே பகுதியில் இருந்த நண்பர். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஸ்பான்சர் செய்து இங்கே வந்தவர். முதியோருக்கான பிரெஞ்சு வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, இருவரும் ஒன்றாகவே தேர்வில் தோற்றோம். அவரிடம் நல்ல வானொலி ஒன்று இருந்தது. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். இலண்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் செய்திக்காக, மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து எதிரிலிருந்த மேப்பிள் மரத்துக்கு ஏரியல் கட்டிவைத்திருந்தார்.

"அண்ணை, பொம்பிளைப்பிள்ளை கடல்ல. நீங்கள் பஸ்ஸில வாறதுக்கு யோசிக்கிறியளே? ஆறரைக்கு வாங்கோ, பிடிச்சுத் தாறன்" என்றார்.

அன்றிலிருந்து இரண்டு பேருந்தும் ஒரு மெட்ரோவும் பிடித்து வில்லரேக்குப் போய், தெருவிலிருந்து மேலேறும் அந்த வளைந்த இரும்புப் படிகளில் மூச்சிரைக்க ஏறி, மாலை ஆறரை மணிக்கு வானொலி முன் உட்காருவது என் வேலையாயிற்று. சளி பிடித்த யந்திரம் பேசுவதுபோல் ஒரு குரல் வரும். காற்றின் திசை, வேகம், அலையின் உயரம். நான் பழைய உறைகளின் பின்புறத்தில் எழுதிக்கொள்வேன். நண்பர் தேநீரோடு பக்கத்தில் உட்கார்ந்து, "இண்டைக்கு எத்தினை அடி?" என்று கேட்பார். மகள் துறைமுகத்திலிருந்து கூப்பிடும்போது நான் அதை நிறுத்தி நிதானமாக வாசிப்பேன். "தேங்க்ஸ்பா, ரொம்ப யூஸ்ஃபுல்" என்பாள். பணியில் இருந்த காலத்தில்கூட என் அறிக்கைகளை அப்படி யாரும் பாராட்டியதில்லை.

ஓரிகனைத் தாண்டி கலிபோர்னியாவின் வடகோடியில் ஒரு சின்னத் துறைமுகத்தில் அவர்கள் காத்திருந்தார்கள். அடுத்து மெண்டோசினோ முனை. அந்தக் கரையில் படகோட்டிகள் அதிகம் பயப்படும் இடம் அதுதான். ஒரு புதன்கிழமை காலையில் மகள் கூப்பிட்டாள்.

"வியாழன், வெள்ளி: வடமேற்குக் காற்று பத்து முதல் பதினைந்து நாட்" என்று நான் வாசித்தேன். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.

"அலை நாலு அடி. சனிக்கிழமைலேர்ந்து கேல் வார்னிங்" என்று அவள் முடித்தாள்.

கேல் என்றால் முப்பத்துநான்கு நாட்டுக்கு மேல் அடிக்கும் காற்று. அது என் உறையிலும் இருந்தது. ஆனால் நான் இன்னும் வாசிக்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படகுல ரேடியோ இருக்குப்பா. நாள் பூரா இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கும்."

"எப்போலேர்ந்து?"

"வாங்கினதுலேர்ந்து."

"அப்ப நான் எதுக்கு அஞ்சு வாரமா..."

"நீங்க எவ்வளவு சந்தோஷமாப் படிக்கிறீங்க தெரியுமா? நிறுத்த மனசு வரல. அம்மாவுக்குத் தெரியுமே!"

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி கத்தரிக்காயை மிகவும் கவனமாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பதவி போனாலும் அதிகாரி போகவில்லை. "எப்போ கிளம்பறீங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்கு. வெள்ளிக்கிழமை இவர் கிளம்ப மாட்டார். வெள்ளிக்கிழமைல பாய் விரிச்சா விளங்காதுன்னு மாலுமிங்க சொல்வாங்களாம். சனிக்கிழமை புயல். நாளையை விட்டா அடுத்த வாரம்தான்."

என் எதிரே சென்னையிலிருந்து வந்த தினசரிக் காலண்டர் தொங்கியது. வியாழக்கிழமைத் தாளின் அடியில் எப்போதும்போல அச்சிட்டிருந்தது: சூலம், தெற்கு. அதாவது வியாழக்கிழமைகளில் தெற்கு நோக்கிப் பயணம் கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாததால்தான், சென்னைக்கு அச்சடித்த ராகுகாலத்தை மேற்கு நூற்றிருபத்துநான்காம் தீர்க்கரேகைக்கு மாற்றிக் கணக்குப் போட்டு உறையின் ஓரத்தில் குறித்துவைத்திருந்தேன். அங்குள்ள சூரிய உதயத்தையும் சேர்த்து, நான்கு நிமிடத் துல்லியத்தோடு.

"என்னப்பா பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குத் தெற்கே சூலம்."

"வாட்?"

"தெற்கே போகக்கூடாது. ஆனா பரிகாரம் இருக்கு. எண்ணெய். கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் எண்ணெய் தொட்டு வச்சுக்கிட்டா போதும்."

அவள் சிரித்த சிரிப்பு கண்டத்தின் மறுகரையிலிருந்து சமையலறை வரைக்கும் கேட்டது. பிறகு கணவனிடம் பிரெஞ்சில் விளக்கினாள். நாற்பது வயது கட்டடப் பொறியாளர், வெள்ளிக்கிழமைக்குப் பயப்படுகிற கியூபெக்காரர். அவர் சிரிக்கவில்லை. எந்த எண்ணெய், எத்தனை சொட்டு, படகுக்கா மனிதருக்கா என்று கேட்கச் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக என் மருமகனை எனக்குப் பிடித்துப்போயிற்று. படகில் இருந்த ஒரே எண்ணெய் சார்டின் மீன் டின்னில் இருந்ததுதான் என்று பிற்பாடு அறிந்தேன். அதைத் தொட்டு இருவர் நெற்றியிலும் படகின் முனையிலும் வைத்தாராம். கடற்பறவைகள் ஒரு மணி நேரம் விடாமல் பின்னாலேயே வந்தனவாம்.

வியாழக்கிழமை மாலை நான் வில்லரேக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. "எங்க கிளம்பிட்டீங்க? அதான் அவகிட்டயே ரேடியோ இருக்கே" என்றாள் மனைவி. மாதாந்தரப் பயண அட்டை வீணாகிறது என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஆறரை மணிக்கு யந்திரக் குரல் வந்தது. கேல் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே மெண்டோசினோ முனையில் நாற்பது நாட், அலை பதினான்கு அடி. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர்கள் வியாழன் காலை கிளம்பியிருந்தார்கள். மணிக்கு ஐந்து மைல் வேகம். வெள்ளி விடியலில் எங்கே இருப்பார்கள் என்பதற்கு எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. முனையை நெருங்கினால் மலைகள் மறைத்துப் படகின் வானொலி சரியாகக் கேட்காது என்று அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள். ஒருவேளை அந்தச் செய்தி என்னிடம் மட்டும்தான் இருந்திருக்கும், வில்லரேயில், மூன்றாம் மாடியில்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வானொலியின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "திரும்பிப் போயிடும்மா, திரும்பு!" என்று உரக்கச் சொன்னேன்.

நண்பர் மெதுவாக என் தோளைத் தொட்டார். "அண்ணை, இது கேக்கிற பெட்டி. கதைக்கிற பெட்டி இல்லை."

"தெரியும்" என்றேன்.

"எனக்கும் தெரியும். ஆனா நானும் ஊர்ச் செய்தி வரேக்க இதோட எத்தினை வரியமாக் கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறன். குண்டு விழுற இடத்தைச் சொல்லுவாங்கள், நான் இஞ்ச இருந்து 'ஓடுங்கோ, ஓடுங்கோ' எண்டுவன். மருமகள் கதவைச் சாத்திப்போட்டுப் போவாள். தேத்தண்ணியக் குடியுங்கோ."

வெள்ளி, சனி இரண்டு நாளும் தொலைபேசி அடிக்கவில்லை. சரியாகச் சொன்னால் மூன்று தடவை அடித்தது: கம்பளம் சுத்தம் செய்பவர்கள், தவறான எண், நண்பர். மனைவி அந்த இரண்டு நாளும் என்னைக் கேலி செய்யவில்லை. எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது. சனிக்கிழமை மாலையும் போய் எழுதி வந்தேன்.

ஞாயிறு மதியம் மகள் பேசினாள். குரல் கம்மியிருந்தது. முனையைச் சுற்றும்போதே காற்று பிடித்துக்கொண்டதாம். எச்சரிக்கை அவள் காதுக்கு எட்டவேயில்லை. பாயைச் சுருக்கிக்கொண்டு, அலைகள் பின்னாலிருந்து தள்ளத் தள்ளப் பகல் முழுவதும் ஓடி, முனைக்குத் தெற்கே ஒரு சின்ன வளைகுடாவில் ஒதுங்கி நங்கூரம் போட்டிருக்கிறார்கள். ஒரு அலை உள்ளே புகுந்து வானொலியை நாசமாக்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து இன்றுதான் சிறு தோணியில் கரைக்கு வர முடிந்தது. இங்கே ஒரு கடை, ஒரு போன், அவ்வளவுதான்.

"ரொம்பப் பயந்துட்டேன்ப்பா. படகை இங்கயே யார்கிட்டயாவது குடுத்துட்டு, வண்டி பிடிச்சு சான்பிரான்சிஸ்கோ போய் ஃப்ளைட்ல வந்துடலாம்ங்கறார் இவர். எங்களுக்கு இப்ப வெதர் ஒண்ணும் தெரியல. நீங்க எழுதி வச்சிருக்கீங்களா? சொல்லுங்க. அதைப் பார்த்து முடிவு பண்றோம்."

மனைவி தொலைபேசியில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். "வரச் சொல்லுங்க" என்று உதட்டால் மட்டும் சொன்னாள்.

உறை என் கையில் இருந்தது. ஐந்து வாரத்தில் என்னுடைய ஒரு எண் அவர்களுக்குத் தேவைப்பட்டது இப்போதுதான். ஒவ்வொரு எண்ணிலும் இருபது கூட்டிச் சொன்னால் போதும். புதன்கிழமைக்குள் இந்த மேசையில் உட்கார்ந்து ரசம் சாப்பிடுவாள். சரிபார்க்க அங்கே ஒருவருமில்லை. கூட்டுவது எனக்கு மிகவும் பழகிய வேலை. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"வடமேற்கு, பத்து நாட்" என்றேன். "அலை மூணு அடி. நாலு நாளைக்கு இதேதான்."

"நிஜமாவா?"

"எழுதியிருக்கறதைத்தான் படிக்கிறேன்."

அவள் பிரெஞ்சில் அவரிடம் சொல்வது கேட்டது. இருவரும் ஏதோ பேசினார்கள். அவள் மூக்கை உறிஞ்சினாள். "சரிப்பா. நாளைக்குக் காலைல கிளம்பறோம். அடுத்த துறைமுகத்துலேர்ந்து பேசறேன்."

வைத்துவிட்டாள். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வரச் சொல்லியிருக்கலாம்ல?"

"காத்து பத்துதானே இருக்கு. நான் என்ன பண்ண?"

"மூணு அடி அலைன்னா எவ்வளவு உசரம்?"

எங்கள் சாப்பாட்டு மேசை இரண்டரை அடி. அதற்கு மேலே அரை அடி உயரத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எப்போது இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.