இருபது சைஸ் பேரிங்

"என்ஜினையே மாத்தோணுமுங்க. இல்லாட்டி எடைக்குப் போட்டுருங்க" என்றார் மெக்கானிக். பானெட்டைச் சாத்திவிட்டு அதன் மேலேயே டீ டம்ளரை வைத்தார்.

அவர் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டார், சொல்லிவிட்டார்.

டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வண்டியை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

"ஊட்டுக்குக் கொண்டுபோயி?"

"பாக்கறனுங்க."

"என்னத்தப் பாப்பீங்க? மாலை போட்டுப் பாப்பீங்களா?"

அங்கிருந்த ஆட்கள் சிரித்தார்கள். பனியன் பண்டல் ஏற்றிப் போன ஒரு டெம்போவை நிறுத்திக் கயிறு கட்டினேன். அனுப்பர்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து சேர்த்தேன்.

பழைய டீசல் கார். வெள்ளை நிறம், உருண்ட மூக்கு. ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் நான் டிரைவராக இருந்தபோது ஓட்டிய அதே வண்டிதான். அவர் புது வண்டி எடுத்தபோது பழையதை நான் வாங்கிக்கொண்டு வேலையை விட்டேன். அதிலிருந்து வாடகைக்கு ஓட்டினேன். குன்னத்தூர் பக்கம் ஒரு விசேஷத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும்போதுதான் ஆயில் விளக்கு எரிந்தது. கூடவே அடியில் டொக் டொக் என்று சத்தம். உடனே நிறுத்திவிட்டேன். இன்னும் கொஞ்ச தூரம் போங்க என்று பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

வண்டி நின்ற செய்தி முதலாளிக்கு எப்படியோ போய்விட்டது. மெக்கானிக் சொல்லியிருப்பார். முதலாளியின் வண்டிகளும் அங்கேதான் வேலைக்குப் போகும். சாயங்காலம் போன் வந்தது.

"வண்டி போச்சாமுங்களே. கேட்டு நெம்பச் சங்கட்டமா இருந்துச்சுங்க."

"ஆமாங்க."

"இங்க ஆளு பாத்துக்கிட்டுத்தான் இருக்கறன். திங்கக்கெழம காலைல வந்து சாவி வாங்கிக்குங்க. உங்களுக்குன்னுதான் வெச்சிருக்கறன். அதுக்கு மேல வேற ஆளப் போட்டுருவனுங்க."

நல்ல மனுஷன். ஒருநாளும் என்னை மரியாதை இல்லாமல் பேசியதில்லை. தினமும் மதியம் கம்பெனி கேட்டைத் தாண்டி வரும்போது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறிவிடுவார். பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிடுவார். என் சாப்பாட்டுப் போசி முன் சீட்டுக்கு அடியிலேயே சூடாகிக் கெட்டுப்போகும். வேறு குறை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கேட்டுக்கு வெளியே மறுபடியும் நிற்பதில்லை என்று நான் ஏற்கனவே முடிவு செய்திருந்தேன்.

என் மனைவி வேறொரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவளும் பேச்சு குறைவுதான்.

"போறீங்களா?"

"இல்ல."

"அப்பறம்?"

"கழட்டறன்."

"கழட்டிப்போட்டு?"

கழற்ற ஆரம்பித்தேன்.

முன் சக்கரங்களைத் தூக்கி அடியில் கட்டைகளை அடுக்கினேன். சிமென்ட் சாக்கை விரித்துப் படுத்தேன். ஆயிலை வடித்துவிட்டு அடித்தொட்டியைக் கழற்றினேன். மெக்கானிக்குகள் சம்ப் என்பார்கள். என்ஜின் ஆயில் தேங்குவது அதில்தான். அதற்குள்ளிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாய்க்கு நுனியில் ஒரு சல்லடை உண்டு. அந்தச் சல்லடையை ஒரு கறுப்புக் கட்டி மூடியிருந்தது. பிய்த்து எடுத்தேன். துணி.

அவள் வாங்கிப் பார்த்தாள். டீசலில் அலசினாள். விரல்களால் இழுத்து விட்டாள்.

"ரிப்புத் துணிங்க. நேவி ப்ளூ. எங்க கம்பெனி காலர் பீஸ் இது."

"எப்படிச் சொல்ற?"

"நாந்தானுங்களே தெச்சேன். அந்த வேஸ்ட்டுல ஒரு மூட்டை நாமதான அந்த மெக்கானிக்குக்குக் குடுத்தோம்? தீபாவளிக்கு."

கொடுத்தோம். கை துடைக்க ஆகும் என்று நானே கொண்டுபோய் இறக்கினேன். இந்த ஊரில் வேட்டி கிழியலைத் தேடி யாரும் போவதில்லை. எதைத் துடைப்பதென்றாலும் பனியன் வேஸ்ட்தான். போன தடவை அவர் சம்பைத் துடைத்து மாட்டியபோது ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டது.

"போயிக் கேளுங்க" என்றாள்.

"கேட்டா மன்னிச்சுக்குங்கன்னு சொல்லுவாரு. அத ஊத்துனா வண்டி ஓடுமா?"

ஆயில் போகாததால் பேரிங் தேய்ந்துவிட்டது. பேரிங் என்றால் உருளும் குண்டு வைத்தது அல்ல. என்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் அரைவட்டத் தகடு. தகடுகள் உரிந்திருந்தன. தண்டின் மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் எங்கும் மாட்டவில்லை. உடனே நிறுத்தியதால் தண்டு பிழைத்திருந்தது. தகடு மாற்றினால் போதும். தகட்டின் முதுகில் இருபது என்று அடித்திருந்தது. எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும். எண் தெரியும். தேய்ந்த தண்டைக் கடைந்து மெலிதாக்குவதை அறுப்பது என்பார்கள்; அறுக்க அறுக்கத் தகட்டின் சைஸ் எண் கூடும்.

மறுநாள் மெக்கானிக்கே வந்தார். அந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தாராம். நான் வண்டிக்கு அடியில் இருந்தேன். அவர் செருப்பு மட்டும் தெரிந்தது.

"என்னுங்க, ஊட்டுலயே ஒர்க்ஷாப்புங்களா? போர்டு எப்பக் கட்டறீங்க?"

வெளியே வந்து அந்த நீலத் துணியை நீட்டினேன்.

"இது உங்களுதுங்களா?"

பார்த்தார். வாங்கவில்லை.

"நீலத் துணி திருப்பூர்ல எல்லாரூட்லயும் கெடக்குதுங்க."

"எம்பட சம்புக்குள்ள கெடந்துச்சுங்க."

பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "அதெல்லாம் விடுங்க. அந்தத் தண்ட அறுத்து இருபதுக்குக் கொண்டுவந்தது நாந்தான். இருபது இப்ப எந்தக் கடையிலயும் வர்றதில்லீங்க. முப்பதுதான் கெடைக்கும். முப்பது போடோணும்னா என்ஜின எறக்கித் தண்ட மறுபடி அறுக்கோணும். எப்படிச் சுத்துனாலும் நம்ம கடைக்குத்தான் வரோணும்."

"கெடைச்சா?"

"கெடைக்காதுங்க."

அவர் வண்டி தெரு முனை திரும்பும் வரை நின்றேன். பழைய தகட்டைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் ஸ்பேர் கடையில் தகட்டைக்கூடப் பார்க்கவில்லை. "மெக்கானிக் யாருங்க? அவரக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். கடைக்குக் கூட்டி வருகிற மெக்கானிக்குக்குத் தனியாகக் கமிஷன் உண்டு. அது ஊர் வழக்கம். தனியாகப் போகிற ஆளைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது. இரண்டாவது கடைக்காரர் என் எதிரிலேயே போனை எடுத்து, "உங்க பார்ட்டி ஒருத்தர் வந்திருக்காருங்க" என்றார். எந்த மெக்கானிக் என்று நான் சொல்லவே இல்லை. கவுன்டர் மேல் இருந்த தகட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே முப்பது இருந்தது. அறுக்காத தண்டுக்குப் போடுகிறதும் இருந்தது. இருபது இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"உங்கூட்டுக்காரரு காருக்கடியிலயே குடித்தனம் போயிட்டாருங்களா?"

"ஆமாங்க. அங்க வாடகை கம்மின்னாரு."

கரண்ட் அடிக்கடி போய்க்கொண்டிருந்த வருஷம் அது. வியாழக்கிழமை மதியம் டீக்கடையில் நின்றபோது கரண்ட் போனது. தெருவில் இருந்த எல்லாக் கம்பெனியிலும் ஜெனரேட்டரைப் போட்டார்கள். தினமும் கேட்கிற சத்தம்தான். ஆனால் பின் சந்தில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. அது என் வண்டி நின்ற இடத்திலேயே ஓடுகிற சத்தம்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தேன்.

நிட்டிங் மிஷின் ஓடும் ஒரு தகரக் கொட்டகை. அதன் பின்னால் ஒரு இரும்புச் சட்டத்தின் மேல் என் காரில் இருக்கிற அதே ரக என்ஜின் உட்கார்ந்திருந்தது. கார் இல்லை, என்ஜின் மட்டும். பழைய கார்களை உடைத்த பிறகு அவற்றின் என்ஜினை ஜெனரேட்டருக்கு வைத்துவிடுகிறார்கள் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அதை ஓட்டியவர் வடக்கத்திக்காரர். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. அந்தச் சத்தத்தில் தமிழில் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது. அவர் உள்ளங்கையில் தகட்டை வைத்தேன்.

திருப்பி முதுகைப் பார்த்தார். சிரித்தார். "ட்வென்டி" என்றார். அலமாரி மேலிருந்து ஒரு காலி அட்டைப் பெட்டியை எடுத்து மூடியைக் கிழித்துக் கொடுத்தார். கடை முத்திரை இருந்தது. கூட்டிப் படித்தேன். ராயபுரம். "பாய், பாய்" என்று கையால் தாடி காட்டினார். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ராயபுரம் போனேன். ஜெனரேட்டர் சாமான் மட்டும் விற்கிற சின்னக் கடை. வெள்ளைத் தொப்பி போட்ட பாய், தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"யாரு கழட்டுனது?"

"நானுங்க."

"மெக்கானிக்கா?"

"டிரைவர்."

"கழட்டுறது லேசு. மாட்டத் தெரியுமா?"

"கழட்டுன மாதிரியே மாட்டுவனுங்க."

சிரித்தார். "இருபதுல ஒரு செட்டு இருக்கு. ஆனா ஒரு பார்ட்டி சொல்லி வச்சிருக்காங்க. நாளைக்கு வருவாங்க. உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை வரவழைச்சுத் தர்றேன்."

"எனக்குத் திங்கக்கெழம வண்டி ஓடோணும் பாய்."

"அது உங்க கஷ்டம். நான் வாக்குக் குடுத்துட்டேனே."

கடைப் படியில் உட்கார்ந்தேன். வந்தவர்களுக்கு ஒதுங்கி வழி விட்டேன். தொழுகை நேரம் வந்தது. பாய் ஷட்டரை இறக்கினார். "போய்ட்டு வாங்க" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். எழவில்லை. வெயில் படிக்கு வந்தது. கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.

தொழுதுவிட்டுத் திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னும் இங்கதான் இருக்கீங்களா?"

"போறதுக்கு வேற கடையில்ல பாய்."

ஷட்டரைத் தூக்கினார். போனை எடுத்தார். "உங்க செட்டைச் செவ்வாய்க்கிழமை தந்தா ஆகுமா? இல்ல, ஜெனரேட்டர் இல்ல, ஒரு கார்க்காரரு. ... பாவமெல்லாம் ஒண்ணுமில்ல. பிடிவாதம்."

போனை வைத்துவிட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு தகடாக எடுத்து முதுகைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருபது.

சனிக்கிழமை தண்டைத் துடைத்து மாட்டத் தொடங்கினேன். என் மனைவி ஒரு பழைய நூல் சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்து எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு துணிக்குள் போய்விட்டால் கம்பெனிக்குக் கெட்ட பெயர். அதையே என்னிடமும் நடத்தினாள்.

"துணி குடு."

"பழசக் குடுங்க."

"இங்க கெடக்குது, பாரு."

"கைல குடுங்க."

கொடுத்தேன். பழைய துணி அவள் கைக்குப் போகாமல் புதுத் துணி என் கைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் தகடுகளை முறுக்கி, சல்லடையைக் கழுவிப் பூட்டி, சம்பையும் மாட்டி எல்லா போல்ட்டும் இறுக்கிவிட்டேன். ஆயில் ஊற்றக் கேனைத் திறந்தேன்.

"ஒண்ணு கொறையுது" என்றாள்.

"எண்ணுனது தப்பா இருக்கும்."

"நான் தப்பா எண்ணறதில்லீங்க."

"எல்லாம் இறுக்கியாச்சு."

"கழட்டுங்க."

அவளைப் பார்த்தேன். முதலாளிக்கு வரமாட்டேன் என்று சொல்லலாம். மெக்கானிக்குக்குச் சொல்லலாம். இவளிடம் என்ன சொல்வது? மறுபடி படுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன். சம்பில் இல்லை. சல்லடையில் இல்லை. விரலை விட்டுத் துழாவினேன். எங்கும் இல்லை. எரிச்சலோடு வெளியே வந்து எழுந்து நின்றேன்.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அம்மா கேட்டார்: "உங்க முதுகுல என்னுங்க ஒட்டிக்கிட்டிருக்குது?"

என் மனைவி அதை உரித்து எடுத்து மற்றத் துணிகளோடு வைத்தாள். "இப்ப மாட்டுங்க" என்றாள். சிரிக்கவில்லை. உள்ளே போய்த்தான் சிரித்தாள். எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ஆயில் விளக்கு அணைந்தது. அடியில் காதை வைத்துக் கேட்டேன். அந்த டொக் டொக் இல்லை. புகை இருந்தது. புகை எப்போதும் உண்டு.

போன் அடித்தது.

"கெளம்பிட்டீங்களா?" என்றார் முதலாளி.

பானெட் திறந்தே இருந்தது. போனை என்ஜின் பக்கம் நீட்டிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தேன்.

"அதென்னுங்க சத்தம்?"

"எம்பட வண்டிங்க."

"அப்ப நீங்க வரமாட்டீங்க" என்றார்.

"மாட்டனுங்க."

"சரீங்க, சரீங்க. சாப்பிட்டீங்களா?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

வண்டியை ஓடவிட்டபடியே கை கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவள் தட்டு வைத்தாள். உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டேன்.