பாறசாலையில் உண்ட கமிஷன் சாப்பாடு

திருவனந்தபுரத்து வக்கீல்களில் பாதிப்பேருக்கு நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே ஊர் எப்படி இருக்கும் என்று தெரியாது. வழக்குகள் அங்கிருந்து கட்டுக்கட்டாக வருகின்றன, நாங்கள் யாரும் அங்கே போவதில்லை. எனக்குப் போகும்படி ஆயிற்று. மீன மாதத்தின் கடைசி வாரத்து வெயிலில் ஒரு தடவை, இடவ மாதத்தில் மழை பிடித்த பிறகு இன்னொரு தடவை. கோர்ட்டுக் கமிஷன் பார்க்க அந்தப் பக்கம் போகப்போகிற இளம் வக்கீல்களுக்கு வண்டி, கூலி, தங்கும் இடம் பற்றிய விவரங்கள் உதவட்டுமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு விஷயமும் கூடவே வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை விட்டுவிட்டு வண்டிக்கூலியை மட்டும் எழுதினால் அது இன்னும் பெரிய வெட்கம்.

முதலில் என்னைப் பற்றி. காலை ஏழு மணிக்குச் சட்டக் கல்லூரியில் வகுப்பு எடுக்கிறேன். பத்தரைக்கு வஞ்சியூரில் கோர்ட்டு. கல்லூரியில் சொல்லும் சட்டத்துக்கும் கோர்ட்டில் பேசும் சட்டத்துக்கும் நடுவே ஒரு காப்பி குடிக்கும் நேரம்தான் எனக்குக் கிடைக்கும். இந்த ஊரில் சட்டம் படிப்பிக்கிறவனுக்கு நல்ல மரியாதை உண்டு. கடைத்தெருவில் போனால் குடையை மடக்கி வணங்குவார்கள். நீதி சொல்கிறவன் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், கேட்டான் என்று இரண்டு பக்கத்தாருக்கும் தெரியவும் வேண்டும் என்ற பாடத்தை நான் எடுத்தால் வராந்தாவில் நின்று கேட்கிற பையன்களும் உண்டு. அப்படி ஒரு காலத்தில் கேட்ட மாணவர் ஒருவர்தான் இப்போது முன்சீப். நெய்யாற்றின்கரையில் இருக்கும் அவருடைய கோர்ட்டில் ஒரு நடைவழி வழக்கு. உள்ளூர் வக்கீல்கள் எல்லோரும் ஏதாவதொரு கட்சிக்கு வேண்டியவர்கள் என்பதால், ஸ்தலத்தை நேரில் பார்த்து வரைபடமும் அறிக்கையும் கொடுக்கும் கமிஷனராக என்னை நியமித்தார். பாரபட்சம் இல்லாத ஆள் வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தார். அதை வீட்டில் இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

வழக்கு இதுதான். பாறசாலைக்குக் கிழக்கே, வெள்ளறடைக்குப் போகும் வழியில், ஆறுமுகம் பிள்ளை என்பவருக்குப் பெரிய தென்னை விளை, தென்னந்தோப்பு. அதற்குப் பின்னால் நாலு குடிசைகள். குடிசைக்காரர்கள் விளையின் ஓரமாக நடந்து ரோட்டுக்கு வருவது வழக்கம். பிள்ளை அந்த இடத்தில் மண் கையாலை எடுத்து வழியை அடைத்துவிட்டார். அவர்கள் ஓரிடத்தில் கையாலையைத் தட்டிவிட்டார்கள். பிள்ளை வழக்குப் போட்டார். இங்கே வழியே இருந்ததில்லை, அவர்களுக்கு ஓடை வழியாகப் போக இடம் இருக்கிறது என்பது அவர் கட்சி. அந்த ஓடையில் மழைக்காலம் முழுக்க வெள்ளம் நிற்கும், பிள்ளைகளையும் நோயாளிகளையும் எப்படிக் கொண்டுபோவது என்பது நாலு குடிசைக்காரர்களின் கட்சி. அவர்களுக்காக முன்னால் நின்ற பிரதிவாதியின் பெயர் பொன்னையன். நான் முதல் தடவை போனபோது மழைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

கோட்டை வாசலில் விடியற்காலம் நாலு மணிக்கு வில்வண்டி பிடித்தேன். கரமனை, நேமம், பாலராமபுரம் வழியாக நெய்யாற்றின்கரை பன்னிரண்டு மைல், கூலி ஐந்து பணம். பாலராமபுரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அரைமணி நேரம் நிறுத்துவார்கள், தறிச் சத்தம் கேட்டுக்கொண்டு காலை நீட்டிக்கொள்ளலாம். மோட்டார் பஸ்ஸும் இப்போது ஓடுகிறது. எப்போது கிளம்பும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது, ஆகையால் கோர்ட்டுக் காரியத்துக்கு அதை நம்ப வேண்டாம். எட்டரைக்கு நெய்யாற்றின்கரை. கோவில் பக்கத்துக் காப்பிக்கடையில் தோசையும் காப்பியும் இரண்டு சக்கரம்; திருவிதாங்கூர்க் காசில் நாலு சக்கரம் ஒரு பணம். சட்னி நன்றாக இருக்கும்.

அங்கிருந்து பாறசாலை ஏழு மைல். பிள்ளையின் வண்டி எனக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றது. வழக்குப் போட்ட கட்சியே வண்டி வைப்பதும், கமிஷனர் அந்தக் கட்சியின் வீட்டில் இறங்கிச் சாப்பிடுவதும் எங்கள் பக்கத்து நடைமுறை. எழுதி வைத்த விதி இல்லை. வெளியூரிலிருந்து வருகிற ஆள் எங்கே போய்ச் சாப்பிடுவான் என்று எப்போதோ யாரோ செய்தது, அப்படியே நின்றுவிட்டது. நானும் யோசிக்கவில்லை. வண்டிக்காரர் குட்டன் வழியெல்லாம் சாப்பாட்டையும் பாயசத்தையும் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அமரவிளையில் நெய்யாற்றைக் கடக்கும்போது, “பிரதமனுக்குத் தேங்கா திருவ நேத்தே ஆளு வெச்சாச்சு, கேட்டுதா” என்று சொல்லி மாட்டைத் தட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு கட்சிக்கும் நான் அனுப்பிய நோட்டீஸில் ஸ்தலத்தில் பத்து மணிக்கு என்று எழுதியிருந்தேன். பத்தரைக்குப் பிள்ளையின் வீட்டு முற்றத்தில் இறங்கினேன். நல்ல மனிதர், வயதில் மூத்தவர், எங்கள் சாதி. விசாரித்ததில் என் மாமனார் வழியில் தூரத்து உறவும் வந்தது. நேராக விளைக்குப் போகலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். “சாரே, வெயிலு தாழட்டு. உண்டுட்டுப் போவோம், விளை எங்கயும் ஓடிப் போகாது” என்றார். உட்கார்ந்துவிட்டேன். பருப்பு, தீயல், அவியல், புளிசேரி, இரண்டு பிரதமன். சட்டக் கல்லூரியைப் பற்றி அவர் கேட்கக் கேட்க நான் பேசினேன். பேசுவதற்குக் கேட்க வேண்டுமா என்ன, எங்களுக்கு அதுதானே தொழில். பிறகு கட்டில் போட்டார்கள். எழுந்தபோது மூன்று மணி ஆகிவிட்டது.

விளைக்குப் போனோம். பிள்ளை எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார், அவருடைய ஆட்கள் பின்னால் வந்தார்கள். என் வாயில் அவர் வீட்டு வெற்றிலை. கையாலை தட்டிவிடப்பட்ட இடத்தில் ஏழெட்டு ஆணும் பெண்ணும் நின்றிருந்தார்கள். நோட்டீஸில் சொன்ன நேரத்துக்கே வந்தவர்கள், பத்து மணியிலிருந்து அந்த வெயிலில் நிற்கிறார்கள். முன்னால் நின்றவர் பொன்னையன். நாற்பது வயதிருக்கும், மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார். அவர் சாதியாரிடம் நாங்கள் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. அது தெரிந்தே தன் கை படாத ஒன்றைத் தேடி வைத்திருந்தார். சீவிய இளநீர் ஒன்றை இலையில் வைத்து நீட்டி, “ஏமான் வெயிலத்து வந்தது. ஒரு எளநி குடிக்கணும்” என்றார்.

வயிறு நிறைந்திருந்தது. அவர் கையிலிருந்து வாங்கப் பிள்ளைக்கு முன்னால் கூச்சமாகவும் இருந்தது. இந்த இரண்டையும் சொல்ல முடியாது அல்லவா? அதனால் வகுப்பில் பேசுகிற குரலில், “கமிஷனர் கட்சிக்காரர் கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாது. சட்டம் அனுமதிக்காது” என்று சொன்னேன்.

பொன்னையன் இலையைக் கீழே இறக்கினார். “அப்படிச் சட்டம் உண்டுண்ணு எக்குத் தெரியாது ஏமானே” என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல் தப்புச் செய்துவிட்ட ஆளின் முகம் அது. பின்னால் நின்ற பெண்கள் என் சிவந்த வாயைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். நான் வரைபடத் தாளை விரித்துவிட்டு, அளவுச் சங்கிலியை இழுக்கச் சொன்னேன்.

வழி இருந்தது. அதைக் கண்டுபிடிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. கையாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேராக மண் இறுகிப் பள்ளமாகக் கிடந்தது, நடுவில் ஒரு பலாவின் வேர் கால் பட்டுப் பட்டு வழவழப்பாக இருந்தது. எல்லாவற்றையும் குறித்தேன். பொன்னையனிடம் வேறு ஏதாவது காட்ட வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினார். இருட்டிய பிறகு நெய்யாற்றின்கரைக்குத் திரும்பி, இரவு சத்திரத்தில் தங்கினேன். அறை ஒரு பணம், பாய் தருவார்கள், தலையணை நாம் கொண்டுபோக வேண்டும். வழி பழமையானது, மழைக்காலத்தில் அவர்களுக்கு வேறு வழி இல்லை என்று அறிக்கை எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பினேன். சாப்பிட்டது பிள்ளை வீட்டில், எழுதியது பொன்னையனுக்குச் சாதகமாக. நான் எப்படிப்பட்டவன் பார் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது.

கோடை விடுமுறை முடிந்து கோர்ட்டு திறந்ததும், அறிக்கையைப் பற்றி விசாரிக்க எனக்குச் சம்மன் வந்தது. இடவம் பாதி. மழை கொட்டியதில் பாலராமபுரத்துக்குத் தெற்கே ரோடு உளைச்சேறாகிவிட்டது, அதே பன்னிரண்டு மைலுக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று, கூலியும் ஏழு பணம். கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். முன்சீப் தாளைப் புரட்டிவிட்டு, கட்சிகள் ராஜியாகிவிட்டார்கள் என்றார். தங்களுக்கு வழி உரிமை இல்லை என்று பிரதிவாதிகள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள், ஆகவே கமிஷனர் அறிக்கை தேவைப்படாது, சாருக்குத்தான் வீண் சிரமம் என்றும் சொன்னார். அறிக்கை பிரிக்கப்படாமலே கட்டுக்குள் போயிற்று.

பொன்னையன் வராந்தாவில் தூணோரம் நனைந்து நின்றார். ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார்.

“ஏமானுக்கு எளநி நீட்டுனது கைக்கூலியாக்கும், பெரிய கேசு வரும்ணு கார்யஸ்தன் வீட்டுக்கு வந்து சொன்னாரு. ராஜி எழுதினா அதை விட்டுரலாம்ணாரு. ஏமானும் எல்லாரும் கேக்கத்தானே சட்டம் சொல்லிச்சு. நான் செயிலுக்குப் போனா பிள்ளியளுக்கு ஆரு உண்டு?”

கார்யஸ்தன் என்றால் பிள்ளையின் காரியங்களைப் பார்க்கிறவர். அன்றைக்கு விளையில் என் பின்னால் நின்றிருந்தார். இளநீர் கொடுப்பது குற்றமே இல்லை, அதற்கு எந்தக் கேஸும் வராது என்று பொன்னையனிடம் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

“அப்பம் அண்ணைக்கு ஏமான் சொன்னது?”

இத்தனை வருஷமாகப் பையன்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் மடக்கிப் பதில் சொல்லிப் பெயர் வாங்கியவன் நான். மிரட்டி வாங்கிய ராஜியை ரத்துச் செய்ய மனு கொடுக்கலாம், அன்று நான் எங்கே சாப்பிட்டேன், என்ன சொன்னேன் என்று கூண்டில் ஏறிச் சொல்கிறேன் என்றேன். சொல்லும்போதே எந்தெந்த வக்கீல் சிரிப்பான், கல்லூரியில் யார் யார் பேசுவார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. பொன்னையன், “வேண்டாம் ஏமானே. அவிய விளையிலதான் எங்களுக்கு வேலை. இனி அதையும் கெடுக்கப்பிடாது” என்றார். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனால் ஆறுதலாகத்தான் இருந்தது.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நெய்யாற்றின்கரையில் கூலி வண்டி கிடைக்கும், பாறசாலைக்கு மூன்று பணம், காத்திருந்தால் நாலு. கட்சிக்காரர் வண்டியில் ஏறாதீர்கள். கட்டுச்சோறு கொண்டுபோங்கள். நோட்டீஸில் எழுதிய நேரத்துக்கு நேராக ஸ்தலத்தில் இறங்குங்கள், உறவுமுறை விசாரிப்பவரிடம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். மறுப்பதாக இருந்தால் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லுங்கள், சட்டத்தை அதற்குள் இழுக்காதீர்கள். நம் வாயிலிருந்து வருவது சட்டம் என்று நம்புகிற ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள்.

பொன்னையனோடு பேசிய அன்று நான் உடனே ஊருக்குத் திரும்பவில்லை. பஸ் ஒன்று கிடைத்தது, தலைக்கு ஐந்து சக்கரம், பாறசாலையில் இறங்கி விளைப்பக்கம் நடந்தேன். கையாலையைத் திரும்ப எடுத்துக் கட்டியிருந்தார்கள். முதல் தடவை நான் எட்டிக்கூடப் பார்க்காத அந்த ஓடைக்குள் இறங்கிப் பார்ப்பதென்று வேட்டியை மடித்துக் கட்டினேன். ஒரு ஓரத்தில் மட்டும் கால் வைக்கக் கல் போட்டிருக்கிறது, அங்கே முழங்கால் அளவு வெள்ளம். கல்லை விட்டு விலகினால் ஆழம். எதிரே ஒரு பெண் வந்தாள், இடுப்பில் கைக்குழந்தை, தலையில் சுமை. என்னைப் பார்த்ததும் கல்லிலிருந்து விலகி ஆழத்தில் இறங்கினாள். வெள்ளம் அவள் மார்பு வரை வந்தது, குழந்தையைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டாள். நான் நிற்கிறேன், நீ முதலில் ஏறிப் போ என்று சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை.

“ஏமான் போகட்டு” என்றாள்.

நான் போகாமல் அவள் கல்லில் ஏற மாட்டாள் என்று தெரிந்தது. குழந்தை அழத் தொடங்கியது. நான் அவளைக் கடந்து போனேன்.