தொலைபேசிப் புத்தகத்தில் கிடைத்த முகவரி

மெல்பர்னில் வேலை கிடைத்திருக்கிறது, கட்டுப்படியாகிற வாடகையில் வீடு கிடைக்குமா, பேச்சுத் துணைக்கு நம் ஆட்கள் இருப்பார்களா என்று மாதம் இரண்டு பேராவது எனக்கு எழுதுகிறீர்கள். நான் அங்கே போய் இறங்கியது 1976 ஆகஸ்டில். இன்றைய வாடகை எனக்குத் தெரியாது. ஆனால் வீடு தேடிப் போன ஒரு சனிக்கிழமையை மட்டும் மறக்க முடியவில்லை.

திருச்சியில் பாய்லர் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன் நான். வேலை கொடுத்த கம்பெனி மூன்று வாரத்துக்கு ஓட்டல் அறை எடுத்துத் தந்தது. அது முடிகிற அன்று மனைவி எட்டு மாதக் குழந்தையோடு வந்து இறங்குவதாக ஏற்பாடு. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. பதினாறு நாளில் ஏழு வீடு பார்த்தேன். மூன்று வீட்டில் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ‘வேறு ஆள் வந்தாயிற்று’ என்றார்கள். இரண்டு வீட்டில் குழந்தை கூடாதாம். அதில் ஒருவர், நாய் என்றால் பரவாயில்லை என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை! மீதி இரண்டும் காலி வீடு. காலி என்றால் பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போன காலி. அதற்கு வாரம் நாற்பது டாலர். என் சம்பளத்துக்கு அது கட்டாது.

அதைவிடக் கொடுமை, பதினாறு நாளாகத் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமை மாலை தெருவோர டெலிபோன் கூண்டுக்குள் நுழைந்து, அங்கே தொங்கிய தடிப் புத்தகத்தில் நம் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். சின்னத்துரை, கிளென் வேவர்லி. ‘அடி சக்கை!’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பத்து சென்ட் போட்டு இரண்டு தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. சரி, நம்மவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னறிவிப்பு எதற்கு, நேரிலேயே போய் நிற்போம் என்று முடிவு செய்தேன். கொழுப்புதான்.

மறுநாள் இரண்டு டாலருக்கு ஒரு சாக்லேட் பெட்டி வாங்கிக்கொண்டு, ஃபிளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷனில் பன்னிரண்டே காலுக்கு ரயில் ஏறினேன். இருபத்தொரு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். கிளென் வேவர்லி அந்தப் பாதையின் கடைசி நிலையம். இறங்கிப் பார்த்தால் கடைகள் எல்லாம் பூட்டு, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பந்த் என்றே நினைத்தேன். சனிக்கிழமை மதியத்தோடு அடைத்துவிடுவார்கள் என்று அப்போது தெரியாது. வழி கேட்க ஆளில்லாமல், தெருப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே இருபத்தைந்து நிமிடம் நடந்தேன்.

கதவைத் திறந்தது ஏழு வயதுப் பெண் குழந்தை. சாக்லேட் பெட்டியை அவள் கையில் கொடுத்து, “அப்பா இருக்காராம்மா?” என்று உற்சாகமாகக் கேட்டேன்.

“நோ. ஹீ இஸ் டெட்,” என்றாள்.

எனக்குக் காதை அடைத்துவிட்டது. அவளுக்குப் பின்னால், சுவரில் மாலை போட்ட படம், கீழே விளக்கு. சாவு வீட்டுக்குச் சாக்லேட்டோடு வந்து நிற்கிறேன்! திரும்பி ஓடிவிடலாமா என்று பார்ப்பதற்குள், முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி உள்ளிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண் நிறைந்துவிட்டது.

“தமிழோ? வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. கதிரையில இருங்கோ தம்பி. அவர் போய் இண்டைக்கு நாற்பத்திரண்டு நாள்.”

யாழ்ப்பாணத் தமிழ். நான் துக்கம் விசாரிக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். கணவர் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது நெஞ்சு வலித்ததையும், ஆம்புலன்ஸ் வந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தவர் போலச் சொன்னார். டெலிபோனை ஏன் எடுப்பதில்லை என்பதும் தெரிந்தது.

“ஆராவது அவரைக் கேட்டா என்ன சொல்லுறது எண்டு பயம். பக்கத்து வீட்டு மனிசி நல்லவா. சாப்பாடு செய்து வாசல்ல வைச்சிட்டு, பெல்லும் அடிக்காமப் போயிடுவா. கரைச்சல் குடுக்கக் கூடாதாம்.”

எங்கள் ஊரில் ஒரு சாவு என்றால் பதினாறு நாளைக்கு வீடு கொள்ளாது. இங்கே ஒரு பெண், ஒரு குழந்தை, ஒரு விளக்கு.

தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் கேட்டார்: “அவரை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

பொய் சொல்ல நாக்கு எழும்பியது. ஆனால் முடியவில்லை. “தெரியாதுங்க அக்கா. டெலிபோன் புத்தகத்துல பேரைப் பார்த்தேன். வீடு தேடிட்டு இருக்கேன். அதான் வந்தேன்,” என்றேன். அவமானத்தில் குனிந்த தலை நிமிரவில்லை.

தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். “ஏன் வந்தனீங்கள் எண்டது கிடக்கட்டும். வந்தனீங்கள்தானே,” என்றார். அப்புறம் அவராகவே, தன்னோடு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்யும் கிரேக்கப் பெண்ணின் அண்ணன் ஓக்லியில் இருப்பதாகவும், அவர் வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறை காலியாக இருப்பதாகவும் சொன்னார். “அவையளுக்குப் பிள்ளையள் எண்டா விருப்பம். நான் கதைச்சுப் பாக்கிறன்.”

அந்த இரண்டு அறையில்தான், கட்டில் மேசையோடு வாரம் இருபத்தாறு டாலருக்கு, நாங்கள் முதல் இரண்டு வருடம் இருந்தோம். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: குடும்பம் வரும் தேதியை வீடு கிடைத்தபின் குறியுங்கள். விளம்பரத்தை மட்டும் நம்பாமல், கூட வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். யார் வீட்டுக்கும் போன் செய்துவிட்டுப் போங்கள். எடுக்காவிட்டாலும் போங்கள்.

அன்று நாலு மணிக்கு எழுந்தேன். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்வது நம்மில் வழக்கமில்லை. இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடுமாம். அதனால் வாய் திறக்காமல் வாசலில் இறங்கினேன்.

“தம்பி, போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ.”

“இந்த மாதிரி வீட்ல அதைச் சொல்லக் கூடாதுங்களே அக்கா.”

“செத்தவீட்டுக்கு நாலு குடும்பம் வந்தது. எல்லாரும் முறைப்படி சொல்லாமத்தான் போனவை. ஒருத்தரும் பிறகு வரேல்ல.”

“போயிட்டு வர்றேன் அக்கா,” என்றேன்.

அம்மாவின் பின்னால் நின்ற குழந்தை தலையை நீட்டி, “வென்?” என்று கேட்டாள்.