லிஃப்ட்காரர் காதில் ஒரு பெண்

அவர் இருபத்தொன்பது வருடம் லிஃப்ட் ஓட்டினார். பொத்தானை அழுத்தினால் போகிறது, இதில் ஓட்ட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பழைய லிஃப்டைப் பார்த்ததில்லை. பதினொரு மாடி அலுவலகக் கட்டடம். மடக்குக் கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியை எப்போது விடுவது என்பதில்தான் வேலையே இருந்தது. முந்தி விட்டால் பெட்டி தரைக்குக் கீழே நிற்கும், பிந்தி விட்டால் மேலே. ஒரு விரல் பிசகினாலும் கோப்புக் கட்டோடு இறங்குகிறவர் தடுக்கி விழுவார். அவர் ஓட்டிய காலத்தில் ஒருவரும் விழவில்லை. தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக இதை என்னிடம் நாலைந்து முறை சொன்னார்.

எழுபத்தாறு வயதில் அவருக்கு அப்படி ஒரு சாட்சி தேவைப்பட்டது. இல்லாத குரல் கேட்கிறது என்று டாக்டர் எழுதிவிட்டார். மகன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் முதியோர் இல்லத்துப் படிவம் ஒன்று காந்தத்தில் தொங்கியது. பூட்டிய பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதுவரை பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஏஜென்சியில் கேட்டார்கள். நான் போனேன். வீட்டுக்கே போய் நோயாளி பார்க்கப் பயிற்சி எடுத்தவள் நான். அப்போது அந்த வேலையில் எனக்கு முப்பத்தோராவது வருடம்.

மருமகள் சமையலறையில் நிறுத்தி விவரம் சொன்னாள்.

"மாமா பாவம் சிஸ்டர். கோபமெல்லாம் வராது. உக்காந்திருப்பார், திடீர்னு எழுந்து போய் வாசக் கதவைத் திறப்பார். திறந்துட்டு ஓரமா ஒதுங்கி நிப்பார், யாரோ உள்ள வர்ற மாதிரி. வெளிய ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"பழைய வேலை நெனப்பு," என்றான் மகன். "டாக்டரும் அதையேதான் சொன்னார். மூளை பின்னாடி போகுதாம்."

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம். போன வாரம் வெளியவே போயிட்டார். கதவு தானா பூட்டிக்கிச்சு. நாலாவது மாடிப் படியில உக்காந்திருந்தார்."

"இதுல இன்னொண்ணு சிஸ்டர். இந்த வீட்ல ஒரு பொம்பளை இருக்கா, யாருன்னு சொல்லுங்கன்னு என்கிட்டயே கேட்டார். ஒரு நாள் பூரா நான் இவரைச் சந்தேகப்பட்டேன்."

"என் போனை எடுத்துப் பார்த்தா."

"பார்த்தேன். எதுக்கும் லாயக்கில்லாத ஆளுன்னு தெரிஞ்சுது. விட்டுட்டேன்."

இரண்டாவது மாடி வீடு. வாசலுக்கு நேர் எதிரே லிஃப்ட். கதவுக்குச் சாவி கிடையாது, எண் போட வேண்டும். கதவோரம் ஒரு கேமரா. விளக்கைக் கூப்பிட்டால் எரியும், சலவை இயந்திரம் முடித்ததும் பாடும். இப்படிப்பட்ட வீடுகளில் நான் நிறைய வேலை பார்த்திருக்கிறேன். கருவியில் கோளாறு என்றால் கடைக்காரனைக் கூப்பிடுவார்கள், கிழவரிடம் கோளாறு என்றால் மாத்திரை. கோளாறு எங்கே என்று பார்ப்பது பிறகுதான்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் நான் சந்தேகப்பட்டது அவரைத்தான். தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கும் வயதானவர்கள் என்னென்னவோ செய்வார்கள். நெஞ்சுவலி நடிப்பார்கள், சோற்றில் உப்பில்லை என்பார்கள். குரல் கேட்கிறது என்பதும் அந்த வகையாக இருக்கலாம்.

அவரும் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

"உங்களை யாரு அனுப்பினா?"

"ஏஜென்சி."

"எனக்கு எதுக்கு ஆளு? நான் இன்னும் விழவே இல்லையே."

"விழுந்தப்புறம் வந்தா எனக்கு வேலை ஜாஸ்திங்கய்யா."

சிரித்தார். பல் வரிசை அவருடையதேதான். தாடையைத்தான் மாத்திரை இழுத்துவிட்டிருந்தது. பேசும்போது வாயோரம் எச்சில் கோத்தது, நடக்கும்போது பாதம் தரையைத் தேய்த்தது. அந்த மாத்திரையை எனக்குத் தெரியும். குரலை நிறுத்தும், கூடவே ஆளையும் கீழே தள்ளும். அப்படி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த எத்தனையோ பேரைத் துடைத்துப் புரட்டியிருக்கிறேன்.

குரல் கேட்கிறவரிடம் அதைப் பற்றிக் கேட்டு வளர்க்காதே என்று பயிற்சியில் சொல்வார்கள். கேட்காமல் எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் நகம் வெட்டிக்கொண்டே கேட்டேன்.

"அவ என்ன சொல்றா?"

"'வாசலில் ஒருவர் நிற்கிறார்.' அவ்வளவுதான். வேற பேச்சே கிடையாது. பேப்பர்ல படிக்கிற மாதிரி பேசுவா. நம்ம வீட்ல யாரு அப்படிப் பேசுறா?" விரலை இழுத்துக்கொண்டு குரலைத் தணித்தார். "அப்புறம் சிஸ்டர், அவ மூச்சு விட மாட்டா."

"செத்தவளா?"

"பொறக்காதவ."

நான் நகவெட்டியைக் கீழே வைத்தேன்.

அவர் வேலையின் கடைசி இரண்டு வருடத்தில் பழைய லிஃப்டை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார்களாம். பெட்டிக்குள் ஒரு பெண் குரல் மாடி எண்ணைச் சொல்லும். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்ததால் இவரை அனுப்பாமல் அதற்குள்ளேயே நிற்கவிட்டார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை.

"ரெண்டு வருஷம் அவகூட நின்னேன். மூணாம் தளம்னு அவ சொல்வா, நான் கதவைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். ஒரு தடவைகூட நடுவுல மூச்சு வாங்கினதில்ல. காலைல எப்படியோ சாயந்திரமும் அப்படியே. ஜலதோஷமே பிடிக்காத பொம்பளை. இவளும் அந்த ஜாதிதான்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'மிஷின் பேசுதா, சரி சரி'ன்னு எழுதிக்கிட்டார். அன்னைக்கு ஒண்ணா இருந்த மாத்திரை ரெண்டாச்சு. அதுலேர்ந்து நான் பேசுறதைக் குறைச்சுக்கிட்டேன்."

அன்றிலிருந்து என் சந்தேகம் அவரை விட்டு நகர்ந்தது. எங்கே போய் உட்காருவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை. மருமகள் பகலெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் பேசுகிறாள். அது சுவர் வழியாக வருகிறதோ? நான் அவள் அறை வாசலில் காது வைத்து நின்று, அவள் திறந்ததும் துணி மடிக்க வந்ததாகப் பொய் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மறுநாள் ஏஜென்சிக்குப் போன் போகும் என்று நினைத்தேன்.

நான் நம்புவது நோட்டுப் புத்தகத்தைத்தான். சாப்பிட்டது, சிறுநீர் போனது, தூங்கியது எல்லாம் மணியோடு எழுதுவேன். அதிலேயே அவள் பேசிய நேரத்தையும் எழுதினேன். ஒன்பது நாளில் முப்பத்தெட்டு முறை. திருப்பித் திருப்பிப் படித்ததில் இரண்டு விஷயம் உறுத்தியது.

ஒன்று, அவர் கதவைத் திறக்கும்போது வெளியே ஆள் இல்லையே தவிர, ஆள் வந்து போன அடையாளம் இருந்தது. ஒரு முறை எதிர் லிஃப்டின் கதவு மூடிக்கொண்டிருந்தது. ஒரு முறை தரையில் குடை சொட்டிய ஈரம். மாத்திரையால் தேயும் கால்களை இழுத்துக்கொண்டு அவர் போய்ச் சேர்வதற்குள் வந்தவர்கள் லிஃப்டில் ஏறிவிடுகிறார்கள்.

இரண்டு, குளிக்கும்போது அவள் பேசுவதேயில்லை. காலையில் எழுந்ததும் இல்லை. மத்தியானத் தூக்கத்தின்போதும் இல்லை. மனநோயில் வரும் குரலுக்கு வேலை நேரம் கிடையாது. இவளுக்கு இருந்தது.

குளிக்கப் போகும்போது அவர் கழற்றி வைப்பது வேட்டி, சட்டை, கண்ணாடி, அப்புறம் காது மிஷின்.

தூங்கும்போதும் அதைக் கழற்றிவிடுவார். காது மிஷின் புதிது. மகன் ஆறு வாரம் முன்பு வாங்கிக் கொடுத்தது. கடலைப் பருப்பு அளவுதான். விலையைக் கேட்டால் நல்ல காதும் அடைக்கும்.

பதினோராம் நாள், காலை பதினொரு மணி. அவர் வலது காது மிஷினைக் கழற்றி, ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு முறை துடைத்து, என் காதில் மாட்டிக்கொண்டேன். இடதையும் கழற்றி மேசையில் வைத்தேன். வாசல் கதவு பூட்டிக்கொள்ளாதபடி என் செருப்பைச் சொருகினேன்.

"நீங்க வெளிய போய் நில்லுங்க," என்று சைகையோடு சொன்னேன்.

"நீங்க?"

"நான் உள்ள இருக்கேன். நம்ம ரெண்டு பேர்ல யாருக்குப் பைத்தியம்னு பார்த்துடுவோம்."

அவர் போய் நின்றார். பழக்கதோஷம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதுகை நிமிர்த்தித்தான் நின்றார். காதில் முதலில் சமையலறைக் குழாய் சொட்டுவது இடி மாதிரி கேட்டது. பிறகு ஒரு சின்ன மணி. பிறகு அவள்.

வாசலில் ஒருவர் நிற்கிறார்.

 நோயாளியின் நோய் எனக்குத் தொற்றியது முப்பத்தோரு வருடத்தில் அன்று ஒரு நாள்தான்.

மருமகளின் அறைக் கதவைத் தட்டினேன். காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றியபடி எரிச்சலோடு வந்தாள்.

"இதைக் கொஞ்சம் காதுல போட்டுக்கோங்கம்மா."

"மாமா காதுலேர்ந்து எடுத்ததா?"

"என் காதுலேர்ந்தும்தான். துடைச்சாச்சு, போடுங்க."

அவரைத் திரும்பவும் போய் நிற்கச் சொன்னேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்த கணமும் அந்தக் குரல் பேசிய கணமும் எனக்கு அந்த முகத்திலேயே தெரிந்தன. மருமகள் செருப்பு அலமாரி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, இது எங்க கேமரா குரல்."

மகன் ஒரு மணி நேரத்தில் வந்தான். டிவி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தான். எப்போதும் சார்ஜில் கிடந்த போன். நடந்தது இதுதான். அப்பாவுக்குக் காது மந்தம், அழைப்புமணி கேட்காது என்பதற்காக வாசல் கேமராவை அந்தப் போனோடு இணைத்து, யார் வந்தாலும் சத்தமாகச் சொல்லும்படி வைத்தான். வாசலைக் கடக்கிற ஒவ்வொருவருக்கும் அது கத்தியது. சில மாதம் கழித்துக் காது மிஷின் வந்தது. அதன் ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு போன் வேண்டும் என்றார்கள். சும்மா கிடக்கிறதே என்று அதே போனில் இணைத்தான். அன்றிலிருந்து போன் தன் பேச்சை வெளியே சொல்லாமல் நேரே கிழவரின் காதுக்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

"சத்தம் நின்னுச்சே, உங்களுக்குத் தோணலையா?" என்று கேட்டேன்.

"இவதான் நிறுத்திட்டான்னு நெனச்சேன்."

"நீங்க நிறுத்திட்டீங்கன்னு நான் நெனச்சேன். தொல்லை தாங்கலன்னு நான் சொன்ன வாரம்தானே அடங்கிச்சு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து காது மிஷின்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார்.

"கேட்டுச்சா?" என்றார் மருமகளிடம்.

"கேட்டுச்சு மாமா."

"மூச்சு விட்டாளா?"

"இல்ல மாமா."

மகன் கீழே குந்தி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, நான் உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"தெரியும்டா. எங்க கட்டடத்துல ஒரு மெக்கானிக் வருவான். புதுசா ஒரு ஆணி மாத்தினாக்கூட முதல்ல காலிப் பெட்டியைப் பதினொரு மாடியும் ஏத்தி இறக்கிப் பார்ப்பான். அப்புறம்தான் ஆளை ஏத்துவான். நீ நேரா என்னை ஏத்திட்டியே."

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். போனின் இணைப்பை எடுத்த பிறகு ஐந்து நாளாகக் குரல் இல்லை என்றதும் டாக்டருக்குச் சந்தோஷம்.

"மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு."

நான் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். படித்தார். காதைத் தடவிக்கொண்டார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

"பழசையும் அடிச்சிடுங்க டாக்டர். இல்லாத குரல் கேட்குதுன்னு எழுதினதை."

"ஏத்தினதை எடுக்க முடியாதும்மா. கம்ப்யூட்டர் விடாது. கடைசியில ஒரு குறிப்பு வேணும்னா சேர்க்கலாம்."

"கடைசி வரைக்கும் யாரு டாக்டர் இறங்குறா?" என்றார் லிஃப்ட்காரர். "எல்லாரும் மேல் மாடியிலேயே வேலையை முடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

டாக்டர் குறிப்பை மட்டும் சேர்த்தார்.

எனக்கு அது போதவில்லை. நாளைக்கே இவர் மயங்கி விழுந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் திரையில் முதல் வரிதான் தெரியும். முதல் வரியைப் பார்த்து முதல் மாத்திரை. அதனால் என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். இவருக்குக் கேட்ட குரல் உண்மையான குரல், காது மிஷின் வழியாக வந்தது, நானும் கேட்டேன் என்று தேதி, மணியோடு எழுதி, என் பயிற்சிப் பதிவு எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டேன். மருமகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மகன் அதை பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்தான். அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போது முதலில் அதைத்தான் மாற்றுவார்.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்து படிவம் போய்விட்டது. கிழித்துப் போட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் பேனா தேடும்போது டிவி மேசை இழுப்பறையில், அந்தப் போன் கிடந்த இடத்தில், நான்காக மடித்துக் கிடந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"இருக்கட்டும் சிஸ்டர். அது எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

மாத்திரை முழுதாக நின்று அவர் கால் தூக்கி நடக்க ஆரம்பித்ததும் எனக்கு அந்த வீட்டில் வேலை முடிந்தது. கடைசி நாள் காலை எட்டு மணிக்குப் போனபோது மகன் அலுவலகப் பையோடு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். கதவு எண்ணை மறந்து உள்ளே போக முடியாமல் நிற்கிறான் என்று நினைத்தேன்.

"இல்ல சிஸ்டர். தினமும் இப்படித்தான். நான் இங்க நிக்கணும், அவர் உள்ள உக்காந்து காது குடுத்துக் கேப்பார். அவ பேசலைன்னா என்னை விடுவார்." கதவுப் பக்கம் குரலை உயர்த்தினான். "அப்பா, நேரமாச்சு. பேசினாளா?"

உள்ளிருந்து பதில் நிதானமாக வந்தது.

"இன்னும் இல்ல. நில்லு."