நல்ல பேர் வாங்கிய எண்ணெய்

டெங்கு வந்து போய் மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. காய்ச்சலில் கிடந்தபோது ஒன்றும் இல்லை. எழுந்து நடமாடி, பசறைக்கு பஸ் ஏறி, பழையபடி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த நாட்களில், சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. எப்போதோ போன காய்ச்சலோடு இதை முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. பதுளை டவுனில் ஒரு கடையில் கறுப்பாக ஒரு மூலிகை எண்ணெய் வாங்கி விடாமல் தேய்த்தேன். நாலு மாதத்தில் கொட்டுவது நின்றது. நெற்றியோரத்தில் புது முடி குச்சி குச்சியாக முளைத்தது. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் அந்த எண்ணெயைச் சிபாரிசு செய்தேன். என் தலையே விளம்பரம்.

கடும் காய்ச்சலோ பிரசவமோ சத்திரசிகிச்சையோ உடம்பை உலுக்கினால், வளர்ந்துகொண்டிருந்த முடி வளர்ச்சியை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து உதிரும். பெரும்பாலும் தானாகவே திரும்பியும் வரும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த எண்ணெயைத் தொடாமலே இருந்திருந்தாலும் என் முடி வந்திருக்கும். முன்பே தெரிந்திருந்தால் அக்காவின் ஒரு வருஷத்தை நான் வீணாக்கியிருக்க மாட்டேன்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். நான் படிக்க வேண்டும் என்று தன் படிப்பை நிறுத்திவிட்டு, விடிகாலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டில் போய் நின்று வேலை வாங்கியவள். எங்கள் குடும்பத்தில் முடி என்றால் அவளுக்குத்தான். கொண்டை போட்டால் ஒரு கைக்குள் அடங்காது. அது கொட்டுகிறது என்று அவள் சொன்னபோது நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எண்ணெய்ப் போத்தலோடு, அவள் இருக்கிற தோட்டத்து வரிசை வீட்டுக்கு, லயத்துக்குப் போய்விட்டேன்.

லயத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மலையிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணீர் சரியில்லை என்றாள் ஒருத்தி. பாக்கெட் ஷாம்புதான் என்றாள் இன்னொருத்தி. கண்ணூறு என்று சுற்றிப் போட்டார்கள். நான் படித்தவள் அல்லவா, என் காரணம் விஞ்ஞானமாக இருந்தது. கொழுந்துக் கூடையின் கயிறு நாள் முழுக்க உச்சந்தலையில் கிடந்து இழுக்கிறது, வேர் தளர்கிறது என்று விளக்கினேன். அதில் பொய் இல்லை. வருஷக்கணக்கில் கூடை சுமந்த பெண்களுக்குக் கயிறு படுகிற இடம் வழித்துவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் கயிறு இழுத்தால் கயிறு படுகிற இடத்தில்தானே முடி போக வேண்டும்? அக்காவுக்குத் தலை முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. என் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்த தலை அது. பார்த்தும் நான் பார்க்கவில்லை.

மாதத்தில் இரண்டு ஞாயிறு போவேன். வாசற்படியில் அவளை உட்காரவைத்து, நான் மேல்படியில் உட்கார்ந்து எண்ணெய் தேய்ப்பேன். "இன்னைக்கும் ஒரு கை வந்துச்சு. வாசல் கூட்ட எனக்கு ஈர்க்கே வேணாம், என் முடியே போதும்" என்று சிரிப்பாள். மடியில் ஒரு பிடி பச்சரிசி வைத்துக் கொறித்துக்கொண்டே இருப்பாள். சோறாக்கித் தின்றால் ஆகாதா என்று கிண்டல் செய்வேன். முகம் வெளுத்திருந்ததை, மழைக்காலம், வெயில் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். நகங்கள் தட்டையாகி ஓரம் பிய்ந்திருந்தன. கொழுந்து கிள்ளுகிற கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

அப்படி ஒரு ஞாயிறு சாயங்காலம் என்னை பஸ் ஏற்றிவிட அவளும் கிளம்பினாள். லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற படிகள் அவள் தினமும் கூடையோடு ஏறுகிறவை. வெறுங்கையோடு ஏறி மூன்று இடத்தில் நின்றாள். நாலாவது தடவை உட்கார்ந்துவிட்டாள். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. "ஒன்னுமில்ல, நெஞ்சு அடிச்சிக்கிது" என்றாள். வழியில் போன ஆட்டோவை மறித்து அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, உடம்பில் இரத்தமே மிகக் குறைவு என்று வீட்டுக்கு விடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தால் இதயம் நின்றிருக்கலாம் என்றார்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரத்தம் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை வந்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட வயதில் சின்னவர். அக்காவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். முடி கொட்டுகிற கதையை நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். எண்ணெயின் பெயர் உட்பட.

அவர் என்னை விட்டுவிட்டு அக்காவிடம் கேட்டார்: "உங்களுக்கு மாதவிலக்கு எத்தினை நாள் போகுது?"

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போர்வையைப் பார்த்துக்கொண்டு, "பத்து நாளு போவுதுங்க. சில மாசம் அதுக்கு மேலயும்" என்றாள்.

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசமாங்க."

கட்டிலின் கால்மாட்டில் நின்று அதைக் கேட்டேன். அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை ஞாயிறு அவள் தலை என் மடிக்கு முன்னால் இருந்திருக்கும்.

"இரும்புக் குளிசை ஒண்டும் ஒருத்தரும் தரேல்லையோ?"

"மருத்துவிச்சி அம்மா குடுத்தாங்க. ஒரு நாளும் விடலீங்க."

"எதோட குடிச்சனீங்கள்?"

"சாயத்தண்ணியோடதாங்க. சோறு தின்னவுடனே, சுடச்சுட."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது என்று பொறுமையாகச் சொன்னார். மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தேத்தண்ணி ஆகாது. "அந்த அம்மாவும் சொன்னாங்கதான். வெறுந்தண்ணியில முழுங்குனா கொமட்டுதுங்க" என்றாள் அக்கா. எங்கள் லயங்களில் பச்சைத் தண்ணீரில் மருந்து குடிக்கிறவர்களை நான் கண்டதில்லை. குளிருகிற ஊரில் நோயாளிக்குப் பச்சைத் தண்ணீர் கொடுப்பது பாவம். காய்ச்சல் மாத்திரையானாலும் பூச்சி மாத்திரையானாலும் ஒரு கோப்பைச் சாயத்தண்ணியோடுதான் உள்ளே போகும். நாள் முழுக்கப் பறித்த இலையே அவள் மருந்தைத் தின்றிருக்கிறது. வருஷா வருஷம் கரும்பலகையில் ஈமோகுளோபின் என்று எழுதி அடிக்கோடிடுகிறவள் நான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"தைரொயிட்டும் ஒருக்கா பாப்பம், அதாலயும் முடி போகும்" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் என்னிடம் தனியாகச் சொன்னார்: "உடம்புக்கு இரத்தம் காணாட்டில் அது முதல்ல கைவிடுறது முடியைத்தான். அது தனி வருத்தம் இல்லை, உள்ளுக்க வேற நோய் இருக்கெண்ட அறிவிப்பு."

தைரொயிட் சரியாக இருந்தது. கருப்பையில் கட்டி இருந்தது, அத்தனை நாள் இரத்தம் போனது அதனால்தான். நல்லவேளை, கெட்ட கட்டி அல்ல. அறுவை செய்து எடுத்தார்கள். இப்போது அவள் குளிசையைக் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் விழுங்குகிறாள். இரும்பு சேரச் சேர, அந்தக் குறையால் வந்த பச்சரிசி ஆசையும் போய்விட்டது. முடி மெல்ல மெல்ல வருகிறது, உச்சியில் கயிறு தேய்த்த இடத்தைத் தவிர. அங்கே இனி வராது.

அவள் வீட்டுக்கு வந்து பல நாள் கழித்துத்தான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. அடுப்படியில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"ரெண்டு வருசமா ஏங்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீ வந்தவுடனே முடி எப்படி இருக்குன்னு கேப்ப. நானும் சொல்லுவேன். நீ எப்படி இருக்கன்னு ஒரு நாளாவது கேட்டியா?"