ஒருக்கா வந்துபோன காய்ச்சல்

சின்னமுத்தோ கொப்புளிப்பானோ, ஏற்கெனவே அது வந்து மாறியவர்தான் நோயாளிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்றவர்கள் வாசலோடு நிற்க வேண்டும். எங்கள் ஊர் மருதமுனையில் எல்லா வீட்டிலும் அதுதான் சட்டம். நல்ல சட்டம்தான், பாழாய்ப்போன அந்தக் காய்ச்சல் வரும்வரை.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் எனக்கும் என் மூத்தவள் ராத்தாவுக்கும் எலும்பெல்லாம் உளையும் காய்ச்சல் வந்து ஒரு கிழமையில் மாறியது. ஏழெட்டு வருடம் கழித்து, மாரி மழையோடு வாப்பா அதே காய்ச்சலில் படுத்தார். உம்மா யோசிக்கவே இல்லை, ராத்தாவைக் கூப்பிட்டார்.

"மகள், ஒனக்கு வந்துபோன வருத்தம்தானே, இனி வராது. நீ வாப்பாவோட இரி. இவள் படிக்கட்டும்."

"ஓம், இவளுக்குப் படிப்பு, எனக்குக் கஞ்சி காச்சிற வேல" என்று ராத்தா என் தலையில் குட்டிவிட்டுப் போனாள்.

வாப்பா எழும்பினார். ராத்தா படுத்தாள். காய்ச்சல் விட்டதும் தப்பிவிட்டாள் என்று சந்தோசப்பட்டோம், மடையர்கள்! அன்றைக்கே கைகால் குளிர்ந்து, பல் முரசில் இரத்தம் கசிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் மௌத்தானாள்.

டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இந்தக் காய்ச்சல் அவளுக்கு முன்பு வந்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். நான் உயிரியல் படிப்பதை அறிந்து விளக்கினார். இந்த வைரசு உடம்பின் உயிர்க்கலத்துக்குள் புகுந்து தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழை விட்டுக்கொண்டே போகும், திருத்த ஆளில்லை. பிழையான பிரதிகளில் அநேகம் அழியும். வேகமாகப் பெருகுவது மற்றதை முந்தும். அப்படி மாறி மாறி இதில் பல வகை உண்டாகிவிட்டன. முதல் வகைக்கென்று உடம்பு செய்து வைத்த காவல், இன்னொரு வகை வந்தால் அதைக் கொல்லாமல் பிடித்துக்கொண்டு போய்க் கலத்துக்குள்ளேயே விட்டுவிடும்.

"வாப்பாவக் கடிச்ச நுளம்புதான் இவவையும் கடிச்சிருக்கும். முதல் ஒருக்கா வந்தவங்களுக்குத்தான் ஆபத்து கூடுதல்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? டொக்டர் சொன்னதை உம்மாவிடம் சொல்லவே இல்லை.

மௌத்தான ராத்தாவுக்காக ஓதும் கத்தம்கூட முடியவில்லை, என் தம்பிக்கும் அதே காய்ச்சல். அழுதழுது வீங்கிய முகத்தோடு உம்மா என்னிடம் வந்தார்.

"ஒனக்கும் ஒருக்கா வந்துபோனதுதானே மகள். நீ அவனோட இரி. ஒனக்கு ஒண்டும் ஆகாது."

ஏன் மாட்டேன் என்று சொன்னால், ராத்தா எதனால் செத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னால் உம்மா அதோடு முடிந்துபோவார்.

"ஓம் உம்மா" என்றேன். தம்பியின் பாயருகே போய் இருந்தேன்.